உயிரோடு இருந்தவளுக்கு வந்த கோடிச்சேலை

போன மாதம் நர்சிங் படிக்கிற பெண்கள் மூன்று பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். அதில் பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சிரிக்கிற முகத்தில் ஆரம்பித்து அழுகிற முகத்தில் முடிகிற படங்கள். இதை நோயாளியிடம் நீட்டி, உங்கள் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்க வேண்டுமாம். "உங்க காலத்துல எதை வெச்சும்மா அளந்தீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காபியைக் கொடுத்து, முறுக்கைக் கொடுத்து, பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. ஆசையாகக் கேட்ட பிள்ளைகளை இப்படி ஏமாற்றி அனுப்பியது தப்பு. இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே தனி வார்டு வந்துவிட்டது. தோலில் ஒட்டினால் மூன்று நாளைக்கு வலியை அடக்குகிற பிளாஸ்திரி வந்துவிட்டது. அவர்கள் எங்களைவிட நன்றாகவே செய்வார்கள். ஆனாலும் நாங்கள் எதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம், எங்கே தப்பு செய்தோம் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? எனக்கு முட்டிதான் போய்விட்டது, கை நன்றாகத்தான் இருக்கிறது. எழுதுகிறேன்.

நான் ஆத்தூர்க்காரி. படித்தது, விடுதிச் சோறு தின்றது, ஊசி போடக் கற்றது, மேட்ரனிடம் திட்டு வாங்கியது எல்லாம் ஊர் உலகத்தில் எல்லா நர்சுக்கும் நடந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன். எழுபதுகளில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் வார்டில் இருந்தேன். அங்கே ஒரு வாசகம் உண்டு. "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க, கேக்கறதை வாங்கிக் குடுங்க." புற்று முற்றிப்போய்க் கத்தி வைக்க முடியாதவர்களுக்கு இதைச் சொல்லுவார்கள். சொன்னதும் ஜனங்கள் கும்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. அடுத்த கேஸ் வந்துவிடும்.

அந்த வாசகத்தை அதிகம் சொன்ன சர்ஜன் ஓய்வு பெற்றதும் சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டைப் பிடித்தார். ஆறு கட்டில் போட்டார். என்னைக் கூப்பிட்டு, "நான் அனுப்பி வெச்சவங்களை எல்லாம் தேடிப் போகணும் ஆத்தூரம்மா, வர்றியா?" என்று கேட்டார். சேர்ந்த புதிதில் கடைசி வரைக்கும் என்னை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறார் என்று தெரியாது. ரிக்‌ஷாக்காரர்கள் அந்த வீட்டுக்கு 'போறவங்க ஊடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. டாக்டர், "சரியாத்தானே சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு மூக்குப்பொடி போட்டுக்கொண்டார்.

அவர் நோயாளி பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். செருப்பை வாசலில் விடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார், தரையில்தான் உட்காருவார். படுத்திருப்பவர் முகத்தைவிடத் தன் முகம் கீழே இருக்க வேண்டும் அவருக்கு. "எங்க வலிக்குது?" என்பார். சொன்னதும், "வேற எங்க?" என்பார். அதைச் சொன்னதும் மறுபடி, "வேற எங்க?" இனி ஒன்றும் இல்லை என்று அவர்களாகச் சொல்லும் வரைக்கும் அதே கேள்விதான். வார்டில் ஒரு கேஸுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கிய மனிதர், இங்கே ஒரு மணி நேரம் வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது நான் மலைத்துப் போனேன்.

மருந்து என்று பார்த்தால் எங்களிடம் இருந்தது கொஞ்சம்தான். மார்பின் என்கிற வலி மருந்துத் தூளைச் சர்க்கரைப் பாகில் கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்போம். அதற்கு லைசென்ஸ், பூட்டுப் போட்ட அலமாரி, ஆயிரம் கெடுபிடி. எண்பதுகளின் நடுவில் சட்டம் இறுகிய பிறகு அதற்கும் வந்தது பஞ்சம். அது வேறு கதை. முக்கியமானது, வலி வந்த பிறகு கொடுக்கக்கூடாது, வருவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தூங்கப் போகும்போது மட்டும் இரட்டை அளவு. கூடவே விளக்கெண்ணெய். மார்பின் வயிற்றைக் கட்டிவிடும், அதை மறந்தால் வலி போய் வேறு வேதனை வரும்.

கடிகாரம் இல்லாத வீட்டில் நாலு மணி நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து அந்த வீட்டின் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஒரு வீட்டில் பள்ளிக்கூட மணி, இன்னொரு வீட்டில் மில்லின் சங்கு, இன்னொன்றில் மாடு கறக்கிற நேரம். சின்னக் கண்ணாடி டம்ளரில் மருந்து எவ்வளவு உயரம் வர வேண்டுமோ அங்கே பிளாஸ்திரியை ஒட்டி விடுவேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அந்தக் கோட்டுக்கு ஒரு சொட்டு மேலே போகாமல் ஊற்றினார்கள். படித்த நர்சுகள் கை நடுங்கி அதிகம் ஊற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னச் சின்னதாக எத்தனையோ ஞாபகம் வருகிறது. நாமக்கல் லாரி டிரைவர் ஒருவருக்கு நுரையீரலில் கட்டி. படுத்தால் மூச்சு முட்டும். எத்தனை தலையணை வைத்தாலும் சரிந்துவிடுவார். அவரோடு ஓட்டிய இரண்டு டிரைவர்கள் வந்து பார்த்தார்கள். அவர் சரிவதைக் கவனித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பழைய லாரியிலிருந்து டிரைவர் சீட்டைக் கழற்றி, அடியில் பலகை அடித்துக் கொண்டுவந்து கட்டில் இருந்த இடத்தில் வைத்தார்கள். "இருவது வருசம் தூங்காம உக்காந்த சீட்டுங்க, இதுலதான் அவனுக்குத் தூக்கம் வரும்" என்றார் ஒருவர். வந்தது. டாக்டர் அந்தச் சீட்டை நாலு புறமும் சுற்றிப் பார்த்தார். நாற்பது வருஷ டாக்டர் வேலையில் தனக்கு இது தோன்றவில்லையே என்று வெளிப்படையாகவே சொன்னார்.

இன்னொரு வீட்டில் புருஷன் என்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போய், "அவளுக்கு என்ன வியாதின்னு சொல்லிப்போடாதீங்க" என்று கெஞ்சினார். உள்ளே போனால் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியுமுன்னு அவருக்குச் சொல்லிப்போடாதீங்க சிஸ்டர், தாங்கமாட்டாரு" என்றார். இரண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒருத்தருக்காக ஒருத்தர் நடித்தார்கள். இடையில் நான்தான் திண்டாடினேன்.

ஆனால் நான் செய்த பெரிய தப்பு பாவாயி வீட்டில்தான் நடந்தது. சொன்னால் இன்றைக்கும் காது சுடுகிறது.

எருமப்பட்டிக்கு இரண்டு மைல் தள்ளி அவர்கள் தோட்டம். பாவாயிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடது மார்பில் கட்டி வந்து, மறைத்து, வெடித்து, புண்ணாகிய பிறகுதான் புருஷன் நல்லுசாமிக்கே தெரிந்திருக்கிறது. சேலத்தில் காட்டி, கத்தி வைக்க முடியாது என்று சொல்லி அனுப்பியபின் எங்களிடம் வந்தார்கள். நல்லுசாமி நல்ல மனிதர், நிலபுலன் உள்ளவர். ஆனால் நான் முதலில் போனபோது பாவாயி வீட்டுக்குள் இல்லை. புண்ணின் நாற்றம் தாங்காமல் மோட்டார் ரூமில் கட்டில் போட்டிருந்தார்கள். அவர்களாகத் தள்ளி வைக்கவில்லை. "சோறு திங்கற ஊட்டுல நானெதுக்குங்க" என்று அந்த அம்மாளே போய்ப் படுத்துக்கொண்டாராம்.

நாற்றத்தைப் போக்க ஒரு வழி இருந்தது. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, பழைய துணியை நனைத்து ஊறப்போட்டுத்தான் கட்டைப் பிரிக்க வேண்டும், இழுக்கக்கூடாது. பிறகு வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மெட்ரோ மாத்திரையை நன்றாகப் பொடித்துப் புண்ணில் தூவி, மெல்லிய துணி வைத்து, அதன்மேல் பஞ்சு வைத்துக் கட்ட வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒரு முறத்தில் அடுப்புக்கரி. மருமகள் சரசு இரண்டே நாளில் இதைக் கற்றுக்கொண்டாள். மூன்று பிள்ளை பெற்று, காட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் பார்க்கிற பெண். முகத்தைச் சுளிக்காமல், மூச்சைப் பிடிக்காமல், மாமியாரோடு பேசிக்கொண்டே செய்வாள். ஐந்தாம் நாள் நாற்றம் நின்றது. நல்லுசாமியே மனைவியைக் கட்டிலோடு தூக்கி வீட்டுக்குள் வைத்தார்.

மருந்து நேரத்துக்கு அந்த வீட்டில் காலையில் ரேடியோ, பத்து மணிக்குப் பள்ளிக்கூட மணி, இரண்டு மணிக்குத் துறையூர் பஸ், சாயங்காலம் பால் கறக்கிற நேரம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் வலி அடங்கவில்லை. அளவைக் கூட்டினோம். இரண்டு நாள் தேவலை, மறுபடி முனகல். மறுபடி கூட்டினோம். டாக்டரே வந்து வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குதுங்கம்மா?"

"மாருலீங்க."

"வேற எங்க?"

"கையி. வீங்கிக் கெடக்குதுங்களே."

"வேற எங்க?"

"முதுவுலீங்க."

"வேற எங்க?"

பாவாயி வாசல் பக்கம் பார்த்தார். டாக்டர் வெகுநேரம் இருந்தார். பிறகு எழுந்து வெளியே வந்து என்னிடம், "இன்னும் ஒரு எடத்துல வலிக்குது. அது நமக்குத் தெரியலை. நீ மூணு நாள் இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு வேன் ஏறினார்.

மறுநாள் கட்டு மாற்றும்போது பாவாயியே சொன்னார். சரசு அடுப்படியில் இருந்தாள்.

"எனக்குப் பொறந்த ஊட்டுக் கோடி வராதுங்க சிஸ்டர்."

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். கோடி என்பார்கள். குளிப்பாட்டிய உடம்பில் அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அண்ணன் தம்பி எட்டூரில் இருந்தாலும் கோடியோடு வந்தாக வேண்டும். வராமல் எடுத்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம். பாவாயிக்கு ஒரே அண்ணன், செங்கோடன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தார். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"சொல்லி அனுப்பலாமே" என்றேன்.

"வேண்டாமுங்க." சட்டென்று சொன்னார். "நான் கூப்புட்டு வந்தா அது என்னுங்க வாரது? அவராத்தான் வரோணும். வரலீன்னா கோடி இல்லாமயே போயிக்கறேன். அங்க போனா, ஏண்டி உனக்குக் கூடப் பொறந்தவன் இல்லையான்னு கேப்பாங்க. என்ன சொல்றதுன்னுதான் தெரியலீங்க."

இதைச் சொல்லி முடித்ததும் முனக ஆரம்பித்தார். மருந்து கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

சரசுவிடம் விசாரித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என்ற கண்ணாலத்துலதானுங்க சிஸ்டர் அந்தச் சண்டை." மாப்பிள்ளையின் தாய்மாமன் என்பதால் செங்கோடன்தான் சீர்த்தட்டோடு முதலில் பந்தலுக்குள் வர வேண்டும். மாப்பிள்ளைக்கு வேட்டி, பெண்ணுக்குச் சேலை, தேங்காய் பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், வழியில் வண்டி அச்சு முறிந்து தாமதமாகிவிட்டார். முகூர்த்தம் தவறுகிறதே என்று இவர்கள் காத்திருக்காமல் தாலி கட்டிவிட்டார்கள். அவர் இந்த வீட்டுப் பந்தல் வாசலுக்கு வந்தபோது உள்ளே மேளம் முடிந்திருந்தது. தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார். "மாமன் சீர் வராத பொண்ணுன்னு இன்னிக்கும் என்னைச் சொல்லுவாங்க" என்றாள் சரசு.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பாவாயி கூப்பிட வேண்டாம், நான் கூப்பிடுகிறேன். சரசுவிடம் ஊர் விலாசத்தை வாங்கிக்கொண்டேன். நல்லுசாமியிடம் சொல்லவில்லை. சாயங்காலம் எருமப்பட்டிக்கு நடந்து போய் போஸ்ட் ஆபீஸில் தந்தி கொடுத்தேன். 'பாவாயி சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.' போஸ்ட் மாஸ்டர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெள்ளைச் சேலையில் நின்றவளிடம் என்ன கேட்பது என்று நினைத்தாரோ என்னவோ, வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இதே மாதிரித் தந்தி நூறு கொடுத்திருப்பேன். எங்களுக்குச் சீரியஸ் என்றால் சீரியஸ். கிராமத்தில் அப்படி இல்லை. செத்துப்போனார் என்று யாரும் தந்தியில் எழுதமாட்டார்கள். வழியில் பதறி விழுந்துவிடக் கூடாதே என்று, செத்தவரைத்தான் சீரியஸ் என்று எழுதுவார்கள். படிக்கிறவர்களுக்கும் அது தெரியும். விடுதியிலும் குவார்ட்டர்ஸிலுமே வளர்ந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டத்து வழியில் லாரிச் சத்தம் கேட்டது. நின்றது. அடுத்த நிமிஷம் பத்துப் பதினைந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும் சத்தம்.

பாவாயி தலையைத் தூக்கிக் கேட்டார். "ஆருங்க சிஸ்டர் செத்துப்போனது?"

அவர் இன்னும் கொஞ்சம் கவனித்துக் கேட்டார். "எங்கண்ணி கொரலு மாதிரி இருக்குதுங்களே. என்ற பேரச் சொல்லியல்ல அழுவறாங்க."

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். முன்னால் நெடுநெடுவென்று ஒரு பெரியவர். கையில் மூங்கில் தட்டு, அதில் அரக்குச் சிவப்பில் ஒரு புதுச்சேலை, மஞ்சள், குங்குமம், பூ. சுமங்கலியாகப் போகிற பெண்ணுக்குக் கொண்டு வருகிற கோடி. வாசலில் பந்தல் இல்லை, கொட்டுச் சத்தம் இல்லை, சரசு புல்லுக்கட்டோடு நிற்கிறாள். அதைப் பார்த்ததும் பெண்களின் அழுகை ஒவ்வொன்றாக நின்றது.

நல்லுசாமி ஓடி வந்தார். விஷயம் புரிந்ததும் முகம் கறுத்துப் போனது. "என்னங்க சிஸ்டர் பண்ணி வெச்சிருக்கறீங்க" என்றார். சத்தம் போடக்கூட இல்லை. அவருடைய பெரியப்பா ஒருவர், எண்பது வயது, தடியை ஊன்றிக்கொண்டு வந்து, அதையே வாசலுக்குக் குறுக்கே நீட்டி மறித்தார். "உசுரோட இருக்கறவ ஊட்டுக்குள்ளாற கோடி வரப்படாது. அப்பிடியே கொண்டுபோயி ஆத்துல உட்டுருங்க" என்றார். செங்கோடன் தட்டோடு நின்றார். மறுபடி ஒரு முறை இதே வீட்டு வாசலிலிருந்து தட்டோடு திரும்பிப் போக வேண்டும். நான் செய்த காரியத்தால்.

உள்ளேயிருந்து பாவாயி கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ண்ணா, உள்ளாற வாங்க."

கிழவர் தடியை எடுக்கவில்லை. செங்கோடன் குனிந்து அதற்கு அடியில் நுழைந்து வந்தார். அறுபது வயசுக்காரர், மீசை நரைத்தவர், கட்டிலுக்கு முன்னால் நின்று, "அம்மிணி" என்றார். தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கையில என்னுங்ணா?"

"ஒண்ணுமில்லீம்மிணி."

"கோடிங்களா?"

அவர் தட்டை இன்னும் பின்னால் தள்ளினார்.

"நான் செத்துப்போயிட்டன்னு நெனச்சா வந்தீங்க?"

"தந்தி வந்துதம்மிணி." அழுதுவிட்டார்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். தந்தி கொடுத்தது நான்தான், கூப்பிட வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் கூப்பிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். பாவாயி என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கூப்புட்டு வாரவங்க பழம் வாங்கிட்டு வருவாங்க சிஸ்டர். கோடி கொண்டாரமாட்டாங்க. எங்கண்ணன் அவராத்தான் வந்திருக்கறாரு."

இந்தத் தப்புக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழைத்ததற்காக அண்ணன் வரவில்லை, தங்கை போய்விட்டாள் என்று நினைத்ததும் பன்னிரண்டு வருஷ ரோஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சேலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். செத்த பிறகு நடப்பதை யாரும் பார்க்க முடியாது. அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"காட்டுங்ணா, பாக்கலாம்" என்றார். செங்கோடன் தட்டை முன்னால் நீட்டினார். பாவாயி வலது கையால் சேலையைத் தடவிப் பார்த்தார். கரையைப் பார்த்தார். "நல்ல கலருங்ணா" என்றார். வாசலில் நின்ற கிழவர், "பாவாயி, அது கோடி, தொடாத" என்று சத்தம் போட்டார்.

"கோடி செத்தவளுக்குங்க மாமா. நான் உசுரோட இருக்கறேன், இது எனக்கு எங்கண்ணன் எடுத்த சேலை" என்றார் பாவாயி. பிறகு அண்ணனிடம் திரும்பி, கடைக்குப் போகிறவரிடம் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார். "இத நான் கட்டிக்கறேன். அதுக்கு வேற எடுத்தாந்துருங்ணா. எடுத்தாருவீங்கல்ல?"

"எடுத்தாரேன் அம்மிணி" என்றார் அண்ணன்.

ஒரு மனிதன் தங்கையின் முகத்துக்கு நேரே அவளுடைய சாவுச்சேலைக்கு வாக்குக் கொடுக்கிறான், அவள் அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். எத்தனையோ சாவு பார்த்த எனக்கும் இது புதிது. நல்லுசாமி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மச்சான், மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். தப்பை யார் ஒப்புக்கொண்டது, யார் மன்னித்தது என்றெல்லாம் பேச்சே வரவில்லை. செங்கோடன் வாங்கிக் குடித்தார்.

அன்றைக்குப் போட்ட கட்டுதான் என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல கட்டு. சேலையில் ஒரு சொட்டு நீர் படக்கூடாது. பஞ்சை இரண்டு மடங்கு வைத்து, மேலே பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, ஓரங்களை நாலு புறமும் ஒட்டினேன். ரவிக்கை போட முடியாது. அண்ணியும் சரசுவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, உட்கார்ந்த வாக்கிலேயே கொசுவம் வைத்துக் கட்டிவிட்டோம். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் பூவைத் தலையில் வைத்துவிட்டார்கள். பாவாயி சாய்ந்து உட்கார்ந்து எல்லோரையும் சாப்பிடச் சொன்னார். துறையூர் பஸ் போன சத்தம் கேட்டுச் சரசு மருந்தைக் கொண்டுவந்தபோதுதான், அண்ணன் வந்ததிலிருந்து முனகல் கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது.

வலி மாயமாகப் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். கட்டி அங்கேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கடைசி நாள் வரைக்கும் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரவில்லை. டாக்டர் வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் சரி என்றுதான் நின்றேன். அவர் கேஸ் அட்டையை எடுத்து, மருந்து எழுதுகிற பத்தியில், விளக்கெண்ணெய்க்குக் கீழே, 'அண்ணன் வந்தார்' என்று எழுதினார். "இனிமே யாருக்கும் தந்தி குடுக்காதே. ஆள் அனுப்பு" என்றார். அவ்வளவுதான் நான் வாங்கிய திட்டு.

செங்கோடன் ஊருக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார். பத்து நாள் கஞ்சி கொடுத்தது அவர்தான். பதினோராம் நாள் காலையில், ரேடியோ நேரத்து மருந்தைக் குடித்துவிட்டு, அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே பாவாயி போய்விட்டார். நான் அங்கேதான் இருந்தேன். செங்கோடன் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறப் புறப்பட்டார். அந்தப் பெரியப்பா, "அதான் ஒண்ணு எடுத்தாந்துட்டீங்களே, ஒரு சாவுக்கு ரெண்டு கோடியா?" என்று கேட்டார். "அது அம்மிணி கட்டுன சேலைங்க. கோடி நான் இனிமேத்தான் எடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் நிறத்தில் சிவப்புக் கரை போட்ட சேலை ஒன்றைக் கொண்டுவந்து தன் கையாலேயே போர்த்தினார்.

அந்த அரக்குச் சிவப்புச் சேலை என்ன ஆயிற்று என்று நான் யோசிக்கவில்லை. நோயாளி கட்டிய துணிகளோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மீதி மார்பினை யார் வீட்டிலும் விட்டு வைக்கமாட்டோம், பாவாயி வீட்டில் மட்டும் அன்றைக்கிருந்த அமளியில் எடுக்க மறந்துவிட்டேன். காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, சரசு அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க அஸ்தம்பட்டிக்கு வந்தாள். நான் பாட்டிலை வாங்காமல் அவளையே பார்த்தேன். அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"அத்தை அன்னிக்கே அவுத்து மடிச்சு என்ற கையில குடுத்துட்டாங்க சிஸ்டர்" என்றாள். "அத்தைதான், எனக்குக் கட்டிப் பாக்கோணும்னு ஆசையா இருந்துச்சு, கட்டிட்டேன், இது உன்ற கண்ணாலத்துக்கு வரவேண்டியது, நல்லா வெச்சுக் கட்டுன்னாங்க. காரியத்தன்னிக்கு மாமன்கிட்ட வெச்சுக் குடுத்து, திரும்ப அவரு கையால சீரா வாங்கிக்கிட்டனுங்க."

பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். வெளியே வந்த டாக்டர் படியிறங்கிப் போகிற சேலையை மட்டும்தான் பார்த்தார் போலிருக்கிறது.

"யாரு ஆத்தூரம்மா அது, கல்யாணத்துக்குப் போற மாதிரி?"

"கல்யாணப் பொண்ணுதாங்க டாக்டர்" என்றேன்.